மாசி, பங்குனியில் வீட்டு வேலையும் தோட்ட வேலையும்: இதய நோயாளிகளுக்குச் சில வழிமுறைகள்

மாசியும் பங்குனியும் நம் வீடுகளில் வேலை பெருகும் மாதங்கள். வேப்ப மரம் இலை உதிர்ப்பதால் காலையில் பெருக்கிய முற்றம் மாலைக்குள் மீண்டும் சருகால் நிறைந்துவிடுகிறது. தைப்பட்டத்தில் விதைத்த வெண்டை, கத்தரி, கொத்தவரைச் செடிகளுக்குக் களை எடுத்து நீர் ஊற்ற வேண்டியிருக்கிறது. வெயில் ஏறத் தொடங்கியதும் மொட்டை மாடியில் வடகம், வற்றல், மிளகாய், புளி ஆகியவற்றைக் காயவைக்கிறோம். கோடைக்கு முன்பாகத் தண்ணீர்த் தொட்டியைக் கழுவுவதும் பரணை ஒழுங்கு செய்வதும் பல வீடுகளின் வழக்கம்.

"டாக்டர், இனிமேல் நான் என்ன வேலை செய்யலாம்?" என்பது இதய நோய்ப் பிரிவுக்கு மறுபரிசோதனைக்கு வருவோர் அடிக்கடி கேட்கும் கேள்வி. கேட்பவர் பெரும்பாலும் ஆணாக இருப்பார். "ஒரு செம்புத் தண்ணீரைக்கூட இவரைத் தூக்க விடுவதில்லை" என்று உடன் வந்த மனைவியோ மகளோ சொல்வார். அதே நோய்க்கு அதே சிகிச்சையைப் பெற்ற பெண்கள் இக்கேள்வியைக் கேட்பது அரிது. வேலை ஏதும் செய்கிறீர்களா என்று நாங்களே கேட்டால், "இல்லை, வீட்டில் சும்மாதான் இருக்கிறேன்" என்பார்கள். மேலும் விசாரித்தால், வாசல் தெளித்துக் கோலமிட்டு, குடம் குடமாகத் தண்ணீர் எடுத்து, ஈரத் துணிகளை மாடிக்குச் சுமந்து சென்று உலர்த்தியது தெரியவரும்.

இவ்விரண்டு நிலைகளும் சரியல்ல. முதலாமவருக்குத் தேவையான உழைப்பு மறுக்கப்படுகிறது. இரண்டாமவருக்குத் தேவையான ஓய்வு மறுக்கப்படுகிறது. வீட்டு வேலையும் உழைப்புதான். அது எவ்வளவு உழைப்பு என்பதை அறிந்து, படிப்படியாகக் கூட்டிச் செல்வதே முறை.

முழு ஓய்வு ஏன் கூடாது?

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், மாரடைப்பு வந்தவர்களை வாரக்கணக்கில் படுக்கையிலேயே வைத்திருந்தனர். 1952-ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர்களான சாமுவேல் லெவைன், பெர்னார்ட் லவுன் ஆகிய இருவரும், நோயாளிகளைத் தொடக்கத்திலேயே நாற்காலியில் அமரவைக்கும் முறையைப் பற்றி எழுதினர். மருத்துவ உலகின் பார்வை மாறியதில் அதற்குப் பங்கு உண்டு. நீண்ட நாள் படுத்திருப்பதால் தசைகள் மெலிகின்றன, கால் இரத்தக் குழாய்களில் இரத்தம் உறையும் வாய்ப்பு கூடுகிறது, மனமும் சோர்கிறது. இன்று, சிக்கலின்றி ஆஞ்சியோபிளாஸ்டி முடிந்தவர்களை ஓரிரு நாளிலேயே நடக்கச் சொல்கிறோம். அளவான வீட்டு வேலை அந்த நடையின் தொடர்ச்சியே.

ஒரு வேலையின் சுமையை எப்படி அளப்பது?

ஓய்வாக அமர்ந்திருக்கும்போது உடல் செலவிடும் ஆற்றலை 1 மெட் என்று மருத்துவர்கள் கணக்கிடுகிறோம். காய்கறி நறுக்குதல், பாத்திரம் துலக்குதல், குழாயால் செடிகளுக்கு நீர் விடுதல் ஆகியவை ஏறத்தாழ 2 மெட் அளவில் அமைகின்றன. வீடு பெருக்குதலும் தரை துடைத்தலும் 3 முதல் 4 மெட் வரை ஆகும். களை எடுத்தல் ஏறத்தாழ 4. மண்வெட்டியால் கொத்துதல் 5 அல்லது அதற்கு மேல். சுமையுடன் மாடிப்படி ஏறுதல் 7-க்கும் மேல். நெஞ்சு வலியோ அதிக மூச்சிரைப்போ இன்றி இரண்டு மாடி ஏற முடிந்தவரால் பொதுவாக 4 மெட் அளவுள்ள வேலையைத் தாங்க முடியும். எனினும் இதைத் தாமாகச் சோதித்துப் பார்க்க வேண்டாம். தேவையானவர்களுக்கு டிரெட்மில் பரிசோதனை மூலம் நாங்களே அளந்து சொல்வோம்.

வீட்டில் பின்பற்ற எளிய முறை ஒன்று உண்டு. வேலை செய்துகொண்டே முழு வாக்கியமாகப் பேச முடிந்தால் உழைப்பு அளவோடு இருக்கிறது. இரண்டு சொல்லுக்கு ஒரு முறை மூச்சு வாங்கினால் அளவு மீறிவிட்டது. மெட்டோப்ரோலால் போன்ற மாத்திரைகள் நாடித் துடிப்பைக் குறைத்துக் காட்டும். எனவே அவற்றை உட்கொள்வோர் நாடியை மட்டும் எண்ணி முடிவு செய்யாமல் இப்பேச்சு முறையை நம்பலாம்.

ஒரே வேலையைக் கடினமாக்குபவை

முதலாவது, பளு. 10 லிட்டர் வாளியில் நிறைந்த தண்ணீர் 10 கிலோ. 15 லிட்டர் குடம் 15 கிலோ. நிரம்பிய சமையல் எரிவாயு உருளை ஏறத்தாழ 30 கிலோ. பளுவைத் தூக்கும்போது பலர் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். அப்போது இரத்த அழுத்தம் திடீரென உயர்கிறது. மூச்சை விட்டபடியே தூக்க வேண்டும். அவ்வாறு தூக்க முடியாத பொருள் உங்களுக்கு உரிய பளு அன்று.

இரண்டாவது, கைகளைத் தலைக்கு மேல் உயர்த்திச் செய்யும் வேலை. ஒட்டடை அடித்தல், பரணிலிருந்து பொருள்களை இறக்குதல், உயரக் கிளைகளை வெட்டுதல் போன்றவற்றில், அதே அளவு உழைப்பைக் கால்களால் செய்வதைவிட இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் கூடுதலாக உயரும்.

மூன்றாவது, குந்தி அமர்ந்து எழுதல். இரத்த அழுத்த மாத்திரையும் நீர் பிரியும் மாத்திரையும் உட்கொள்வோருக்கு, குந்தியிருந்து சட்டென எழும்போது தலைசுற்றி விழும் அபாயம் உண்டு. களை எடுக்கவும் காய்கறி அரியவும் ஒரு முக்காலியைப் பயன்படுத்துங்கள்.

நான்காவது, வெயிலும் உணவும். உணவு உண்டவுடன் செரிமானத்திற்கென இரத்த ஓட்டம் குடலுக்குத் திரும்புகிறது. வெயிலில் தோலைக் குளிர்விக்கவும் கூடுதல் இரத்தம் தேவைப்படுகிறது. ஆகவே காலை 9 மணிக்கு முன்னரோ மாலை 5 மணிக்குப் பின்னரோ வேலை செய்யுங்கள். உணவுக்குப் பின் ஒரு மணி நேரமாவது ஓய்வெடுங்கள்.

எப்போது தொடங்கலாம்?

கீழுள்ளவை பொதுவான வரையறைகள். உங்கள் மருத்துவர் வேறு அறிவுரை கூறியிருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

• ஆஞ்சியோபிளாஸ்டி மட்டும் செய்துகொண்டவர்கள், குழாய் செலுத்தப்பட்ட மணிக்கட்டுக்கோ தொடைக்கோ ஏறத்தாழ ஒரு வாரம் பளு தராதிருக்க வேண்டும். இலகுவான சமையலறை வேலைகளைச் சில நாள்களில் தொடங்கலாம்.

• மாரடைப்புக்குப் பின், முதல் இரு வாரங்களுக்கு நடையும் 2 மெட் அளவுள்ள வேலைகளும் போதும். பெருக்குதல், களை எடுத்தல் போன்றவற்றை மறுபரிசோதனைக்குப் பின் ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம்.

• பைபாஸ் அல்லது வால்வு அறுவை சிகிச்சையில் மார்பெலும்பு பிளக்கப்பட்டிருந்தால், அது நன்கு கூட 8 முதல் 12 வாரங்கள் ஆகும். அதுவரை 4 கிலோவுக்கு மேல் தூக்குதல், இழுத்தல், தள்ளுதல் கூடாது. குடம் தூக்குதல், கிணற்றில் நீர் இறைத்தல், மாவு அழுத்திப் பிசைதல், துணி முறுக்கிப் பிழிதல் ஆகியவை இதில் அடங்கும்.

• பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள், அது பொருத்தப்பட்ட பக்கத்துக் கையை 4 முதல் 6 வாரங்கள் தோளுக்கு மேல் உயர்த்த வேண்டாம்.

தோட்டத்தில் கவனிக்க வேண்டியவை

பத்து நிமிடம் வேலை, ஐந்து நிமிடம் ஓய்வு என்று தொடங்குங்கள். பூவாளியைப் பாதி மட்டும் நிரப்பி இரண்டு நடையாக எடுத்துச் செல்லுங்கள். குழி தோண்டுதல், மண் மூட்டை நகர்த்துதல், மரம் ஏறுதல் ஆகியவற்றைப் பிறரிடம் விட்டுவிடுங்கள்.

இரத்தம் உறையாதிருக்க ஆஸ்பிரின், குளோபிடோகிரல், வார்ஃபரின் போன்ற மருந்துகளை உட்கொள்வோர் கையுறையும் காலணியும் இன்றித் தோட்டத்தில் இறங்க வேண்டாம். கீறல் ஏற்பட்டால் சுத்தமான துணியால் 10 நிமிடம் இடைவிடாது அழுத்திப் பிடியுங்கள். தலையில் அடிபட்டால், வலி இல்லாவிட்டாலும் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள். காயத்துக்கு அஞ்சி மாத்திரையைத் தாமாக நிறுத்துவது மிக ஆபத்தானது. அதனால் ஸ்டென்ட்டோ செயற்கை வால்வோ அடைபடக்கூடும். செயற்கை வால்வு உள்ளவர்களுக்குக் காயத்தின் பின் காய்ச்சல் கண்டால், ஆன்டிபயாட்டிக் மாத்திரையைத் தாமாக வாங்கி உண்ணாமல் எங்களிடம் வர வேண்டும்.

சருகுகளைக் கொளுத்த வேண்டாம். அப்புகை நுரையீரலைப் போலவே இதயத்தையும் பாதிக்கிறது. குழியிலிட்டு மட்கவைத்தால் அடுத்த பட்டத்துக்கு உரமாகும். அரளிச் செடியை வெட்டிய பின் கைகளைச் சோப்பிட்டுக் கழுவுங்கள். இதய நோய்க்குத் தரப்படும் டிஜாக்சின் மருந்தை ஒத்த நச்சுப் பொருள்கள் அதன் எல்லாப் பகுதிகளிலும் உள்ளன.

வேலையை உடனே நிறுத்த வேண்டிய அறிகுறிகள்

நெஞ்சில் அழுத்தம் அல்லது இறுக்கம், கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல், படபடப்பு, தலைசுற்றல் ஆகியவற்றுள் எது தோன்றினாலும் வேலையை நிறுத்தி உட்காருங்கள். பெண்களிடமும் நீரிழிவு உள்ளவர்களிடமும் வலியே இன்றி, மூச்சிரைப்பு, குமட்டல், வழக்கத்துக்கு மாறான களைப்பு ஆகியவை மட்டும் தோன்றலாம். "வாயுத் தொல்லை", "வேலை அலுப்பு" என்று இவற்றை ஒதுக்கிவிடுவதால்தான் பலர் தாமதமாக வருகின்றனர்.

நாக்கின் அடியில் வைக்கும் சார்பிட்ரேட் மாத்திரை உங்களுக்குப் பரிந்துரைக்கப்பட்டிருந்தால், அமர்ந்த நிலையில் அதைப் பயன்படுத்துங்கள்; மயக்கம் வருவதுபோல் இருந்தால் வேண்டாம். ஐந்து நிமிடத்தில் குணமாகாவிட்டால் 108-ஐ அழையுங்கள். மீதி வேலையை முடித்துவிட்டுப் போகலாம் என்று காத்திருக்காதீர்கள்.

குடும்பத்தினருக்கு

நோயாளி ஆணாக இருந்தால், எல்லா வேலையையும் அவரிடமிருந்து பறித்துவிடாதீர்கள். செடிகளுக்கு நீர் விடுவதும், புளியைக் கொட்டை எடுப்பதும், கீரை ஆய்வதும் அவருக்கு உடற்பயிற்சி. தம்மால் இயலும் என்ற நம்பிக்கையையும் அவை தரும்.

நோயாளி பெண்ணாக இருந்தால், "ஓய்வெடு" என்று சொல்வது மட்டும் போதாது. அவர் செய்துவந்த வேலைகள் அப்படியே காத்திருக்கும்வரை அவரால் ஓய்வெடுக்க இயலாது. தண்ணீர் பிடிப்பது, துணி உலர்த்துவது, மாவு அரைப்பது ஆகியவற்றை யார் செய்வது என்பதை, அவர் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் முன்பே பெயர் குறித்துப் பிரித்துக்கொள்ளுங்கள். இந்த ஆண்டு வடகமும் வற்றலும் போடாமல் விட்டாலும் குறையில்லை. உப்பு மிகுந்த அவற்றை இதய நோயாளிகள் குறைத்துக்கொள்வதே நல்லது.

அடுத்த மறுபரிசோதனைக்கு வரும்போது, காலை எழுந்தது முதல் இரவு படுக்கும்வரை செய்யும் வேலைகள் அனைத்தையும் ஒரு தாளில் எழுதி வாருங்கள். தூக்கும் பளுவையும் ஏறும் படிகளையும் குறிப்பிடுங்கள். எவற்றைத் தொடரலாம், எவற்றைத் தள்ளிப்போடலாம், எவற்றை விட்டுவிட வேண்டும் என்பதை மருந்துச் சீட்டுடன் சேர்த்தே எழுதித் தருவோம்.