வேலூர்ப் பாலம் தாண்டினால் ரோமாபுரி

காளப்பநாயக்கன்பட்டி டீக்கடையில் கொல்லி மலை பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் பேசாத விஷயம் இல்லை. அப்படி வந்த ஒரு கேள்வி: கிரேக்கர், ரோமானியர் காலத்து இடங்களைப் பார்க்க வேண்டுமென்றால் பாஸ்போர்ட், விசா எடுத்து ஐரோப்பாவுக்குத்தான் போக வேண்டுமா? வேண்டியதில்லை. நாமக்கல் போய் கரூர் பஸ் ஏறினால் போதும், காலையில் கிளம்பி இரவுக்குள் திரும்பிவிடலாம். ஆனால் அங்கே தூண்களையும் பளிங்குச் சிலைகளையும் தேடினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். எதைப் பார்க்கப் போகிறோம் என்று தெரிந்துகொண்டு போக வேண்டும். டீ சூடாக இருக்கிறது, ஆறுவதற்குள் சொல்லிவிடுகிறேன்.

யவனர் எனப்பட்ட அந்தக் கிரேக்கரும் ரோமானியரும் வந்தது கப்பலில். கரூரோ கடலோரத்தில் இல்லை. பிறகு எப்படி? எகிப்தில் செங்கடல் கரையில் பெரெனிகே, மயோஸ் ஹோர்மோஸ் என்று இரண்டு துறைமுகங்கள் இருந்தன. ஜூலை மாதவாக்கில் அங்கிருந்து கிளம்பும் கப்பல்களைத் தென்மேற்குப் பருவக்காற்று நேராகச் சேர நாட்டு முசிறிக்குக் கொண்டுவந்து சேர்க்கும். டிசம்பர், ஜனவரியில் வாடைக்காற்று அடிக்கும்போது அவை திரும்பிப் போகும். முசிறியிலிருந்து கிழக்கே வர மேற்குத் தொடர்ச்சி மலை குறுக்கே நிற்கிறது. அதில் அகலமான ஒரே வாசல் பாலக்காட்டுக் கணவாய். அதைத் தாண்டினால் கோவை, பிறகு நொய்யல் கரை, பிறகு கரூர், அங்கிருந்து காவிரியோடு போனால் பூம்புகார். மேல்கடலையும் கீழ்கடலையும் சேர்த்த அந்தப் பெருவழி கொங்கு நாட்டின் குறுக்கே ஓடியது.

ரோமானியக் காசுகள் கொங்கு மண்ணில் இவ்வளவு கிடைப்பதற்கு அதுதான் காரணம். கோவையை ஒட்டிய வெள்ளலூரில் 1842-இல் ஒரே புதையலாக 522 வெள்ளிக் காசுகள் கிடைத்தன. பெரும்பாலும் அகஸ்டஸ், டைபீரியஸ் ஆகிய பேரரசர்களின் தலை பொறித்தவை அவை. கரூரில் அமராவதி ஆற்று மணலில் கிடைத்த காசுகளும் ஏராளம்.

ஏன் காசாகவே கொண்டுவந்தார்கள்? அவர்களுக்கு நம்மிடமிருந்து மிளகு, முத்து, யானைத்தந்தம், மெல்லிய துணி, மணிக்கற்கள் என்று எத்தனையோ வேண்டியிருந்தது. நமக்கு அவர்களிடம் வேண்டியிருந்தது திராட்சை மது, பவளம், கண்ணாடி, சில உலோகங்கள். கணக்கு நேராகவில்லை, மிச்சத்தை வெள்ளியாகவும் பொன்னாகவும் கொட்டினார்கள். ஆண்டுதோறும் 5 கோடி செஸ்டர்ஸ் இந்தியாவுக்குப் போய்விடுகிறது என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி முதலாம் நூற்றாண்டில் புலம்பியிருக்கிறார்.

ஆனால் நம் ஆட்கள் அதைக் காசாக மதித்தார்களா, எடைக்கு எடை உலோகமாக மதித்தார்களா? 1898-இல் புதுக்கோட்டைப் பகுதியில் 501 ரோமானியப் பொற்காசுகள் கிடைத்தன. அவற்றில் பெரும்பாலானவற்றில் பேரரசரின் முகத்துக்குக் குறுக்கே உளியால் ஆழமாக ஒரு வெட்டு விழுந்திருக்கிறது. அந்தக் காசு இனிக் காசாகப் புழங்கக் கூடாது, வெறும் பொன்தான் என்று காட்டவே வெட்டினார்கள் என்பது அறிஞர்கள் பலருடைய கருத்து.

இனி பயணத்துக்கு வருவோம். நாமக்கல்லிலிருந்து பரமத்தி வேலூர் வந்து, காவிரிப் பாலம் தாண்டினால் வேலாயுதம்பாளையம். அங்கே புகழிமலை என்னும் ஆறுநாட்டார் மலையில் முருகன் கோயில் இருக்கிறது. சாமி கும்பிடப் போகிறவர்களில் பலர் மலைப்பாறையில் இருக்கும் குகைப் படுக்கைகளைக் கவனிப்பதில்லை. சமண முனிவர்கள் தங்குவதற்காகப் பாறையைச் செதுக்கிய படுக்கைகள் அவை. அவற்றைச் செய்துகொடுத்த சேர அரச குடும்பத்தின் மூன்று தலைமுறைப் பெயர்கள் தமிழ்ப் பிராமி எழுத்தில் வெட்டப்பட்டிருக்கின்றன. பக்கத்திலேயே கருவூரை (கரூரின் பழைய பெயர்) சேர்ந்த ஒரு பொன் வணிகரின் பெயரும் இருக்கிறது. ரோமானியப் பொன்னும் வெள்ளியும் வந்து குவிந்த ஊரில் ஒரு பொன் வணிகர் இருந்தார், படுக்கை வெட்டிக் கொடுக்கும் அளவுக்கு வசதியாக இருந்தார் என்பதற்கு அந்தப் பாறையே சாட்சி. காலை வெயில் சாய்வாக விழும்போது எழுத்துகளைப் படிப்பது சுலபம்.

அடுத்தது கரூர். அலெக்சாண்டிரியாவில் இருந்த தாலமி, 2ஆம் நூற்றாண்டில் எழுதிய நிலநூலில், உள்நாட்டில் இருக்கும் கரூராவைச் சேர மன்னரின் தலைநகர் என்று குறிக்கிறார். அது நம் கரூர்தான் என்பது பெரும்பாலான அறிஞர்களின் முடிவு. அமராவதிக் கரையில் நின்று பார்த்தால் மணலும் பாலமும் தவிர ஒன்றும் தெரியாது. பார்க்க வேண்டியது அருங்காட்சியகத்தில் உள்ள காசுகளை. வெள்ளிக்கிழமை அரசு அருங்காட்சியகங்களுக்கு விடுமுறை, மறந்துவிடாதீர்கள்.

கரூரில் கிடைத்த சேரர் காசுகளில் இரண்டைச் சொல்கிறேன். ஒன்று ‘மாக்கோதை’ என்று பெயர் பொறித்த வெள்ளிக் காசு. அரசன் முகம் பக்கவாட்டில் இருக்கும், பெயர் தலையைச் சுற்றி வரும். ரோமானியக் காசின் அமைப்பு அப்படியே தெரியும். கையில் வந்த வெளிநாட்டுக் காசைப் பார்த்து, சேரன் தன் முகத்தையும் தமிழ் எழுத்தையும் போட்டு அடித்துக்கொண்டான். இன்னொன்றில் ‘கொல்லிப்புறை’ என்று இருக்கிறது. கொல்லி மலையை ஆண்ட ஓரியைக் காரி என்ற தலைவன் கொன்று அந்த மலையைச் சேரருக்குக் கொடுத்தான் என்று சங்க நூல்கள் சொல்கின்றன. அந்த மலையின் பெயரையே சேர்த்துக்கொண்ட ஒருவன் ரோமானிய வணிகப் பாதையில் காசு வெளியிட்டிருக்கிறான். கொல்லி மலைச் செம்மேட்டில் வல்வில் ஓரி சிலையைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள், மீதிக் கதையைக் கரூரில் படிக்கலாம்.

இன்னொரு நாள் கிடைத்தால் ஈரோடு மாவட்டத்துக் கொடுமணலுக்குப் போங்கள், சென்னிமலைக்கு மேற்கே, நொய்யலின் வடகரை. 1985 முதல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் அங்கே அகழாய்வு செய்தது. ரோமானியரின் கழுத்தில் தொங்கிய கல் எங்கே மணியானது என்பதை அங்கே கண்ணால் பார்க்கலாம். காங்கேயம் பக்கம் படியூரில் பெரில் என்னும் நீலம் பாய்ந்த பச்சைக்கல் கிடைக்கும். இயற்கையிலேயே ஆறு பட்டையாக வளரும் கல் அது. அதைத் துண்டு போட்டு, தேய்த்து, இரண்டு முனையிலிருந்தும் துளை போட்டு நடுவில் சந்திக்க வைக்க வேண்டும். கடைசி நொடியில் கல் பிளந்தால் அத்தனை நாள் உழைப்பும் போச்சு. கொடுமணலில் முழு மணிகளோடு, வெட்டாத கல், பாதி தேய்த்த கல், துளைபோடும்போது உடைந்த கல் எல்லாமே கிடைத்திருக்கின்றன. முழு மணி மட்டும் கிடைத்தால் வெளியூரில் வாங்கியதாக இருக்கலாம், உடைந்ததும் சேர்ந்து கிடைத்தால் பட்டறை அங்கேதான். எந்த இடத்துக்குப் போனாலும் இந்தக் கேள்வியை மறக்காதீர்கள்: கல் எங்கிருந்து வந்தது, எங்கே வேலை நடந்தது, எங்கே போனது?

நேரமும் காசும் உள்ளவர்கள் புதுச்சேரிக்குத் தெற்கே அரிக்கமேடு வரை போகலாம். அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் தொல்லியலாளர் மோர்டிமர் வீலர் 1945-இல் தோண்டிய இடம். தென்னந்தோப்புக்குள் உயரமாக நிற்கும் செங்கல் சுவர்களைப் பார்த்து ‘ரோமானியர் கட்டியது’ என்று படம் எடுத்துக்கொள்பவர்கள் உண்டு. அது 18ஆம் நூற்றாண்டுக் கிறித்தவ மிஷன் கட்டடம். யவனர் காலம் அந்தச் சுவருக்குக் கீழே, மண்ணுக்குள் இருக்கிறது. அதைப் பார்க்கப் புதுச்சேரி அருங்காட்சியகத்துக்குத்தான் போக வேண்டும்.

அங்கே ஆம்போரா என்னும் மதுச்சாடியின் துண்டுகளைப் பாருங்கள். கூம்பிய அடியும் இரண்டு காதும் உள்ள சாடி அது. தரையில் நிற்காது. கப்பலின் அடித்தட்டில் கீழ்வரிசைச் சாடிகளின் கழுத்திடுக்கில் மேல்வரிசையின் அடி செருகி உட்காரும், அலையில் உருளாது. அதை அப்படி வனைந்ததே கப்பலுக்காகத்தான். அதே அலமாரியில் உள்வட்டத்தில் புள்ளி வரிசை ஓடும் கருஞ்சாம்பல் தட்டு இருக்கும். அதையும் மேலைநாட்டுச் சரக்கு என்றுதான் வீலர் நினைத்தார். பின்னால் களிமண்ணை ஆராய்ந்தபோது அது இந்தியாவிலேயே செய்தது என்று தெரிந்தது. வெளியிலிருந்து வந்தது எவ்வளவு, இங்கேயே செய்தது எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பதுதான் இந்த இடங்களில் உள்ள சுவாரசியம்.

ஒரே ஒரு வேண்டுகோள். கொடுமணலிலும் அரிக்கமேட்டிலும் காலடியில் பானையோடும் மணியும் கிடக்கும். ஒன்றைக்கூட எடுத்துப் பையில் போடாதீர்கள். எந்த மண்ணடுக்கில், எதன் பக்கத்தில் கிடந்தது என்பது போய்விட்டால், அது வெறும் ஓடு. உங்கள் காட்டில் கிணறு வெட்டும்போதோ உழும்போதோ பழங்காசு கிடைத்தாலும் நகைக்கடைக்குக் கொண்டுபோகாதீர்கள். புதையல் கிடைத்தால் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம். எப்படித் தெரிவிப்பது என்று கிராம நிர்வாக அலுவலரிடமோ தாசில்தாரிடமோ கேட்டுக்கொள்ளலாம்.