கம்பு கற்றுத் தரும் பாடம்

"விரை ஒன்று போடச் சுரை ஒன்று முளைக்குமா?" என்று நம் பாட்டிமார் கேட்பதுண்டு. பெற்றோரின் குணமே பிள்ளைக்கு வரும் என்பது இதன் கருத்து. எப்படி வருகிறது என்பதைப் பட்டாணிச் செடிகளை வளர்த்து ஆராய்ந்து, 1866-இல் உலகுக்கு எழுதி வைத்தவர் கிரகோர் மெண்டல் என்னும் கத்தோலிக்கத் துறவி. ஒவ்வொரு குணத்துக்கும் தாய் ஒரு பங்கும் தந்தை ஒரு பங்கும் தருகின்றனர். இப்பங்குகளையே இன்று மரபணு என்கிறோம்.

நம் கரிசல் காட்டுக் கம்பும் புல் இனத்தைச் சேர்ந்ததே. மணி நமக்குக் கூழாகிறது. தட்டை மாட்டுக்குத் தீவனமாகிறது. படப்பு காலியானால் மாட்டைச் சந்தைக்கு ஓட்டும் நிலை வந்துவிடும்.

கம்பின் பெரும் பகை அடிச்சாம்பல் நோய். பூசணம் போன்ற நுண்ணுயிர் ஒன்று இளஞ்செடியைப் பற்றுகிறது. இலை வெளுத்து, அதன் அடியில் வெண்பொடி படிகிறது. கதிரில் மணிக்குப் பதில் இலைகளே சுருண்டு முளைக்கின்றன. இந்நோயின் வித்துகள் மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடிருக்கும்.

1965-இல் லூதியானாவில் எச்.பி.1 என்ற வீரிய ஒட்டுக்கம்பு வெளியாயிற்று. அமெரிக்காவிலிருந்து வந்த, மகரந்தம் உண்டாகாத 'டிப்ட் 23ஏ' அதன் தாய். அடுத்து வந்த எச்.பி.2, எச்.பி.3 ஆகியவற்றுக்கும் அதுவே தாய். விளைச்சல் பெருகியது, உழவர் மகிழ்ந்தனர். ஆனால் அத்தாய்க்கு அடிச்சாம்பல் நோயைத் தாங்கும் சக்தி இல்லை. 1970-களில் நோய் பரவியபோது, ஒரு தாயின் குறை நாட்டின் பல வயல்களைச் சாய்த்துவிட்டது.

விஞ்ஞானிகள் சோர்ந்துவிடவில்லை. ஐதராபாத் அருகிலுள்ள இக்ரிசாட் நிலையமும் ஹரியானா வேளாண்மைப் பல்கலைக்கழகமும் இணைந்து, நோயை எதிர்க்கும் மரபணுக்களை அடையாளம் கண்டு பெற்றோர் செடிகளில் சேர்த்தன. இவ்வாறு உருவான எச்.எச்.பி.67-இன் மேம்பட்ட இரகம் 2005-இல் வெளிவந்தது. எனினும் நோய்க்கிருமியும் தன்னை மாற்றிக்கொள்கிறது. ஆகவே ஆராய்ச்சிக்கு முடிவே இல்லை.

இன்று கிணற்றுப் பாசனமுள்ள தோட்டங்களில் கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் வளர்க்கிறோம். கம்புக்கு 14 குரோமோசோம்கள், நேப்பியருக்கு 28. இவற்றின் பிள்ளைக்கு 21. அதனால் அது முளைக்கும் விதை தருவதில்லை. கரணை வெட்டியே நடுகிறோம். ஒரே தூரிலிருந்து வந்த கரணைகள் யாவும் அச்சில் வார்த்தாற்போல ஒரே மரபணுக்கள் கொண்டவை. ஒன்றை வீழ்த்தும் நோய் அனைத்தையும் வீழ்த்தக்கூடும் அன்றோ?

ஆகவே தோழியரே, ஒட்டுப்புல்லோடு சோளம், கொழுக்கட்டைப்புல், வேலிமசால், அகத்தி ஆகியவற்றையும் வளர்க்கும்படி உங்கள் பெற்றோரிடம் சொல்லுங்கள். பாட்டி குலுக்கையில் காத்து வைத்த நாட்டுக்கம்பு விதையை வீசிவிடாதீர்கள். நாளைய நோயை வெல்லும் மரபணு அதற்குள் இருக்கலாம். இறைவன் தன் படைப்பில் வகை வகையாக வைத்தது வீணுக்கல்ல.