பஸ் ஓட்டு... இட்லி ஊற்று... வாத்தாகத் திரி!

எங்கள் குளத்தூரில் இருந்து திருச்சிக்குப் பஸ்சில் போக ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். அதற்குள்ளேயே, "எப்பம்மா ஊர் வரும்?" என்று குழந்தைகள் நாலு தடவை கேட்டு விடுவார்கள். குட்டீஸ், இப்போது எட்டு மணி நேரம் ஓடும் ஒரு பஸ்சைப் பற்றிச் சொல்கிறேன், கேளுங்கள்!

அந்தப் பஸ்சில் பயணிகள் கிடையாது. எதிரே வேறு வண்டி எதுவும் வராது. அமெரிக்காவின் டூசான் நகரில் இருந்து லாஸ் வேகாஸ் நகருக்குப் பாலைவனச் சாலையில் ஓட்டிக் கொண்டு போக வேண்டும். வேகம் மணிக்கு 45 மைல்தான், அதாவது சுமார் 72 கிலோமீட்டர். சரி, பட்டனை அமுக்கி வைத்து விட்டு எங்காவது போய் வரலாம் என்று பார்த்தால் அதுவும் முடியாது. பஸ் கொஞ்சம் கொஞ்சமாக வலது பக்கம் இழுத்துக் கொண்டே இருக்கும். நாம் திருப்பிக் கொண்டே இருக்க வேண்டும். சாலையை விட்டு இறங்கினால் எஞ்சின் நின்று விடும். ஒரு வண்டி வந்து, புறப்பட்ட ஊருக்கே இழுத்துக் கொண்டு போகும். அதையும் நாம் பார்த்துக் கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டும்! எட்டு மணி நேரம் ஒழுங்காக ஓட்டி ஊர் போய்ச் சேர்ந்தால் எவ்வளவு மார்க் தெரியுமா? ஒன்றே ஒன்று! இன்னொரு மார்க் வேண்டும் என்றால் திரும்பவும் எட்டு மணி நேரம் ஓட்ட வேண்டும்.

இது ஒரு வீடியோ கேம். பெயர் 'டெசர்ட் பஸ்'. பென், டெல்லர் என்ற இரண்டு அமெரிக்க மேஜிக் கலைஞர்களின் பெயரில் 1995-ல் வெளிவர இருந்த ஒரு தொகுப்பில் இது இடம் பெற்றிருந்தது. 'அடிதடி வீடியோ கேம்கள் பிள்ளைகளைக் கெடுக்கின்றன' என்று அந்தக் காலத்தில் அமெரிக்காவில் பெரிய சத்தம். அதைக் கேலி செய்யத்தான், அடிதடியே இல்லாத, நிஜ வாழ்க்கை போலவே இருக்கிற விளையாட்டு ஒன்றைச் செய்தார்கள். ஆனால் அந்தத் தொகுப்பு கடைக்கு வரவே இல்லை. அப்படியும் இந்தப் பஸ் நிற்கவில்லை. 2007 முதல் கனடாவில் ஒரு நகைச்சுவைக் குழுவினர், ஆண்டுதோறும் இரவு பகலாக இதை ஓட்டிக் காட்டுகிறார்கள். அதைப் பார்ப்பவர்கள் தரும் பணம், மருத்துவமனைகளில் இருக்கும் குழந்தைகளுக்கு விளையாட்டுப் பொருள் வாங்கப் போகிறது. இதுவரை சேர்ந்தது ஒரு கோடி டாலருக்கும் மேல்!

ஒரு மார்க் விளையாட்டுக்கு இவ்வளவு மதிப்பு! ஆனாலும் என்னை ஓட்டச் சொன்னால் கீரனூர் வருவதற்குள் இறங்கி விடுவேன்.

பள்ளியில் இருந்து ஓய்வு பெற்ற பிறகு, விடுமுறைக்கு வரும் பேரன் பேத்திகளோடு உட்கார்ந்து இந்த விளையாட்டுகளைப் பார்ப்பது எனக்கு ஒரு பொழுதுபோக்கு. துப்பாக்கி விளையாட்டுகள் எனக்கு அலுத்து விட்டன. நூறு பேர் குதிப்பார்கள், ஒருவன் மிஞ்சுவான், மறுபடியும் நூறு பேர் குதிப்பார்கள். எனக்குப் பிடித்தவை கோணல்மாணலான விளையாட்டுகள்தான். 'இதை எல்லாம் யாராவது விளையாட்டாகச் செய்வார்களா?' என்று கேட்க வைப்பவை.

உருட்டு, உருட்டு!

ஜப்பானில் கெய்ட்டா தகஹாஷி என்பவர் சிற்பக் கலை படித்தவர். 2004-ல் அவர் வடிவமைத்து வந்த விளையாட்டு 'கட்டமாரி டமாசி'. அண்டங்களுக்கெல்லாம் ராஜா, வானத்தில் இருந்த நட்சத்திரங்களை எல்லாம் தட்டிக் கெடுத்து விடுகிறார். அதைச் சரி செய்ய வேண்டியவன் அவருடைய மகன். (பெரியவர் செய்த கோளாறுக்குச் சின்னவன் வேலை செய்கிறான், பார்த்தீர்களா!) அந்த இளவரசனின் உயரம் வெறும் 5 சென்டிமீட்டர்.

அவனிடம் ஒரு ஒட்டும் பந்து இருக்கிறது. நம் ஊரில் சாணி உருட்டும் வண்டைப் பார்த்திருப்பீர்களே, அது போல அவன் அதை உருட்டிக் கொண்டே போகிறான். முதலில் குண்டூசி, ரப்பர், மிட்டாய் ஒட்டும். பந்து பெரிதாகப் பெரிதாக நாற்காலி, சைக்கிள், மாடு, மனிதர்கள், கடைசியில் கட்டடங்களே ஒட்டிக் கொண்டு வரும்! அந்தப் பந்துதான் புது நட்சத்திரம். தன்னை விடச் சின்னது எது, பெரியது எது என்று பார்த்துப் பார்த்து உருட்ட வேண்டும். ஒன்றாம் வகுப்பில் 'பெரியது - சிறியது' நடத்த எனக்கு இது கிடைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

2019-ல் ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் இருந்து வந்தது இன்னொன்று. அதில் நீங்கள் ஒரு பெரிய வெள்ளை வாத்து. 'அன்டைட்டில்டு கூஸ் கேம்', அதாவது 'பெயர் வைக்காத வாத்து விளையாட்டு' என்பதே அதன் பெயர். அமைதியான ஒரு கிராமத்துக்குள் புகுந்து தோட்டக்காரரின் சாவியைத் திருட வேண்டும், சிறுவனை விரட்ட வேண்டும், 'ஹாங்க்' என்று கத்த வேண்டும். கத்துவதற்கென்றே ஒரு பட்டன்! அதைச் செய்த குழுவில் ஒருவர், 2016-ல் மற்றவர்களுக்கு ஒரு வாத்துப் படத்தை அனுப்பினாராம். 'இதை வைத்தே ஒன்று செய்யலாமே' என்று பேசிச் சிரித்ததில் பிறந்ததுதான் இந்த விளையாட்டு.

இட்லித் தட்டு ரகசியம்

இனி நம்ம வீட்டு விளையாட்டுக்கு வருவோம். 'வெண்பா' என்றால் தமிழ்ப் பாடலில் ஒரு வகை என்று படித்திருப்பீர்கள். அந்தப் பெயரில் ஒரு வீடியோ கேம் இருக்கிறது! கனடாவின் டொராண்டோ நகரில் உள்ள 'விசை கேம்ஸ்' என்ற சிறு குழு 2023 ஜூலையில் வெளியிட்டது. கதை 1988-ல் தொடங்குகிறது. வெண்பா, பாவலன் என்ற தமிழ்த் தம்பதி தமிழ்நாட்டில் இருந்து கனடாவுக்குக் குடி போகிறார்கள். அங்கே அவர்களுக்குக் கவின் என்ற மகன் பிறக்கிறான்.

வெண்பாவிடம் அவள் அம்மா கொடுத்த சமையல் குறிப்பு நோட்டு இருக்கிறது. ஆனால் கிழிந்து, எழுத்து அழிந்து போயிருக்கிறது. விட்டுப் போனதை நீங்கள் யோசித்துக் கண்டுபிடித்துச் சமைக்க வேண்டும். முதல் சமையல் இட்லி. தட்டுகளை எப்படி அடுக்குவது என்பதுதான் அதில் புதிர். ஒரு குழிக்கு நேர் மேலே இன்னொரு குழி வந்தால் இட்லி சரியாக வேகாது. மாற்றி வைத்தால் ஆவி எல்லாப் பக்கமும் ஏறும். நாற்பது வருஷமாக இட்லி ஊற்றுகிறவள் சொல்கிறேன், விளையாட்டில் இருப்பது சரிதான்! அடுத்து புட்டு. குழலில் தேங்காய்ப் பூவும் மாவும் எந்த வரிசையில் போட வேண்டும் என்று பார்க்க வேண்டும்.

கவின் வளர வளரத் தமிழும் தோசையும் அவனுக்குத் தூரமாகப் போகின்றன. அந்த இடத்தில் என் பேத்தி விளையாடுவதை நிறுத்தி விட்டு, "பாவம் அம்மாயி, அந்த அம்மா" என்றாள். மொத்த விளையாட்டும் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்து விடும். 2024-ல் பிரிட்டனின் பாப்டா விருதுகளில் 'சிறந்த அறிமுக விளையாட்டு' விருது இதற்குத்தான் கிடைத்தது. நம் அடுப்படியில் இருக்கும் ஒரு சாமானை வைத்து உலகமே விளையாடும்படி செய்திருக்கிறார்கள்.

இது யாருடையது?

ஒரு விளையாட்டு மிகவும் பிடித்துப் போனால் என்ன செய்வோம்? மாற்றிப் பார்ப்போம்! பல்லாங்குழிக்கு ஒரு குழியில் ஐந்து முத்து போடுகிற ஊர் உண்டு, ஆறு போடுகிற ஊர் உண்டு. பாண்டி ஆட்டத்தில் 'பழம்' எப்போது என்பது தெருவுக்குத் தெரு வேறு. பழைய கோயில்களின் தரைக் கற்களில் ஆடுபுலிக் கட்டம் கீறி வைத்தவர் யார் என்று யாருக்கும் தெரியாது. அவற்றுக்குச் சொந்தக்காரர் இல்லை. அதனால் யாரும் கோபிப்பதும் இல்லை.

வீடியோ கேம் அப்படி இல்லை. அதற்கு முதலாளி உண்டு.

அர்ஜென்டினாவில் மில்டன் குவாஸ்தி என்று ஒருவர். ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 1991-ல் வெளியிட்ட 'மெட்ராய்டு 2' என்ற கறுப்பு வெள்ளை விளையாட்டு அவருக்கு உயிர். அதை வண்ணத்தில், புதிய படங்களோடு மறுபடி செய்ய ஆசைப்பட்டார். வேலை நேரம் போக மீதி நேரத்தில், ஏறத்தாழ பத்து ஆண்டுகள் உழைத்தார். 2016 ஆகஸ்டு 6 அன்று, மெட்ராய்டின் முப்பதாவது பிறந்தநாளில், எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்தார். விளையாடியவர்கள் கொண்டாடினார்கள். ஓரிரு நாளிலேயே நின்டெண்டோவிடம் இருந்து நோட்டீஸ் வந்தது. 'எங்கள் கதாபாத்திரம், எங்கள் விளையாட்டு. எடுத்து விடு!' அடுத்த ஆண்டு நின்டெண்டோவே அதே விளையாட்டைப் புதுப்பித்து விற்பனைக்குக் கொண்டு வந்தது.

இதே போல ஆஸ்திரேலியாவில் கிறிஸ்டியன் வைட்ஹெட் என்ற இளைஞர், நீல முள்ளெலி 'சோனிக்' மீது பைத்தியமாக இருந்தார். சொந்தமாகச் சோனிக் விளையாட்டு செய்து பழகினார். ஆனால் சோனிக்கின் முதலாளியான சேகா நிறுவனம் அவரை விரட்டவில்லை, வேலை கொடுத்தது! 2017-ல் அவரும் அவரைப் போன்ற ரசிகர்களும் சேர்ந்து செய்த 'சோனிக் மேனியா'வைச் சேகாவே வெளியிட்டது.

ஒரே மாதிரி ஆசை, இரண்டு விதமான முடிவு. சட்டப்படி பார்த்தால் நின்டெண்டோ செய்தது தவறில்லை. பொம்மை அவர்களுடையது. ஆனால் பத்து வருஷம் உழைத்தவனை அழைத்து ஒரு வார்த்தை பேசியிருக்கலாம் என்பது என் கட்சி. நல்லவேளை, குவாஸ்தியின் திறமை வீணாகவில்லை. பின்னால் 'ஓரி' என்ற அழகான விளையாட்டை உருவாக்கிய குழுவில் அவருக்கு வேலை கிடைத்தது.

உங்களுக்கெல்லாம் தெரிந்த பப்ஜிக்கும் இப்படி ஒரு முன்கதை உண்டு. அயர்லாந்துக்காரரான பிரெண்டன் கிரீன், வேறொரு போர் விளையாட்டை ரசிகராக இருந்து மாற்றியமைத்ததில்தான் அதன் கரு தோன்றியது.

எனக்கு மிகவும் பிடித்தது டோபி பாக்ஸ் கதை. அவர் அமெரிக்கப் பையன். 'எர்த்பவுண்ட்' என்ற பழைய ஜப்பானிய விளையாட்டைத் திருத்தித் திருத்திக் கைப்பழக்கம் செய்து கொண்டார். அதோடு நிற்காமல், தன் சொந்த மனிதர்களையும் சொந்த ஊரையும் கற்பனை செய்து, 2015-ல் 'அண்டர்டேல்' என்ற விளையாட்டைக் கொண்டு வந்தார். இசையும் அவரே. அதில் எதிரே வரும் யாரையும் அடிக்காமலே கடைசி வரை போகலாம். பேசலாம், ஜோக் சொல்லலாம், நாய் வந்தால் தடவிக் கொடுக்கலாம். அதை யாரும் எடுக்கச் சொல்ல முடியாது. ஏனென்றால் அது அவருடையது.

வத்தல் காவல்

நாமும் செய்யலாமா? செய்யலாம்! அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிறுவனத்தினர் 2007-ல் வெளியிட்ட 'ஸ்கிராட்ச்' என்ற மென்பொருள் இருக்கிறது. இலவசம். வண்ண வண்ணக் கட்டைகளை ஒன்றோடு ஒன்று பொருத்துவது போலக் கட்டளைகளைப் பொருத்தினால் படம் நகரும், பேசும், ஓடும். நம் பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் 'காட்சித் தொடர்பு' பாடத்தில் வருகிறதே, அதேதான். பத்தாம் வகுப்பு வரை காத்திருக்க வேண்டாம், எட்டு வயதிலேயே தொடங்கலாம்.

இதில் இன்னொரு நல்ல ஏற்பாடு. ஒருவர் வெளியிட்ட விளையாட்டை நீங்கள் திறந்து, மாற்றி, உங்கள் விளையாட்டாக வெளியிடலாம். முதலில் செய்தவர் பெயர் தானாகவே அதில் வந்து விடும். மெட்ராய்டு தகராறுக்கு இடமே இல்லை! (வெளியிடும்போது புனைபெயர் போதும். உங்கள் நிஜப்பெயர், பள்ளி, போன் நம்பர் எதையும் போடக் கூடாது, சரியா?)

போன மே மாதம் என் பேரன் ஒன்று செய்தான். மொட்டை மாடியில் வேட்டி விரித்து, அதில் இருபது கூழ் வத்தல். ஏதாவது ஒரு மூலையில் இருந்து காக்கா பறந்து வரும். வத்தலைத் தொட்டால் வத்தல் காலி. நீங்கள் நிஜமாகவே கை தட்ட வேண்டும்! ஸ்கிராட்சில் மைக் வழியாகச் சத்தத்தை அளக்கும் கட்டளை ஒன்று உண்டு. சத்தம் அவன் வைத்த எண்ணைத் தாண்டினால் காக்கா ஓடி விடும். ஒருநாள் நான் அடுப்படியில் மிக்ஸி போட்டேன். கூடத்தில் இருந்து, "அம்மாயி, எல்லாக் காக்காயும் ஓடிப் போச்சு!" என்று கத்தினான். அப்புறம் அந்த எண்ணைக் கூட்டி வைத்தான்.

பக்கத்து வீட்டுப் பெண் ஆறாம் வகுப்பு. அவள் அதைத் திறந்து, கைப்பிடிச் சுவர் மேல் மூன்று பிடி சோறு வைத்தாள். ஒரு பிடி சோற்றைக் காக்கா தின்று முடிக்க இருபது எண்ணிக்கை ஆகும். அதுவரை வத்தல் பக்கம் வராது. பேரனுக்கு வந்ததே கோபம்! "என் கேமை மாத்திட்டா, அம்மாயி!" "ஏன் தம்பி, மேலே உன் பேரும் இருக்கே, பாரு" என்றேன். கொஞ்ச நேரம் முறைத்துக் கொண்டு இருந்தான். பிறகு அவள் செய்ததை எடுத்து, அதில் ஒரு அணிலை விட்டு விட்டான். அந்த அணில் சோறு தின்னாது, கை தட்டினால் பயப்படாது. அதை எப்படி விரட்டுவது என்று இரண்டு பேரும் திண்ணையில் உட்கார்ந்து சண்டை போட்டுக் கொண்டிருந்தார்கள்.