லாண்ட்ரி கடை: இடத்தை வாங்கலாமா, வாடகைக்கு எடுக்கலாமா?

வேலையை விடாம சைடுல ஒரு லாண்ட்ரி போடலாம்னு நிறைய பேர் கேக்கறீங்க. கூடவே இன்னொரு கேள்வியும் வருது: "வாடகையா போற காசை இஎம்ஐயா கட்டினா இடமே சொந்தமாகிடுமே சார்?"

ஒரு உதாரணக் கணக்கு போட்டுப் பார்ப்போம்.

வாங்கினா

சென்னை புறநகர்ல 600 சதுர அடி கடை, விலை 60 லட்சம்னு வெச்சுக்கோங்க. தமிழ்நாட்டுல முத்திரைத் தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2%. அதுவே 5.4 லட்சம். பேங்க் 60% கடன் குடுத்தா, மீதி 24 லட்சம் உங்க கைக்காசு. ஆக, முதல் மெஷின் வாங்கறதுக்கு முன்னாடியே 29.4 லட்சம் காலி. 36 லட்சம் கடனுக்கு 10% வட்டி, 15 வருஷம்னா இஎம்ஐ சுமார் 38,700 ரூபாய்.

அதே கடைக்கு வாடகை 25,000னா, வருஷத்துக்கு 3 லட்சம். அதாவது இடத்தோட விலையில 5%. இந்த 5% செலவை மிச்சப்படுத்த நீங்க 10% வட்டி கட்டறீங்க. இடத்தோட விலை நல்லா ஏறினாதான் இந்தக் கணக்கு சரியாகும். அப்போ நீங்க செய்யறது ரெண்டு முதலீடு: ஒண்ணு லாண்ட்ரி, இன்னொண்ணு ரியல் எஸ்டேட்.

அப்போ வாடகைதான் பெஸ்ட்டா?

அவசரப்படாதீங்க. லாண்ட்ரி மொபைல் கடை மாதிரி இல்ல. தண்ணி லைன், கழிவுநீர் வெளியேற வழி, த்ரீ ஃபேஸ் கரன்ட், டைல்ஸ், உப்புத் தண்ணிக்கு சாஃப்ட்னர்னு நிறைய வேலை இருக்கு. காலி பண்ணும்போது மெஷினைத் தூக்கிட்டுப் போயிடலாம். பைப்பையும் டைல்ஸையும் தூக்க முடியாது.

அப்படி இடத்தோடவே தங்கிடற செலவு 4 லட்சம்னு வைங்க. நம்ம ஊர் வழக்கப்படி 11 மாச அக்ரிமென்ட் போடறீங்க. அது முடிஞ்சதும் ஓனர் காலி பண்ணச் சொல்லிட்டார்னா, 4 லட்சத்தை 11ஆல வகுத்துப் பாருங்க: மாசம் 36,000க்கு மேல. வாடகையோட சேர்த்தா 61,000. இஎம்ஐயை விட அதிகம்! அதே இடத்துல 5 வருஷம் இருந்தா அந்தச் செலவு மாசம் 6,667தான். வாடகையோட சேர்த்து சுமார் 31,700.

அதனால வாடகை எவ்வளவுன்னு பேரம் பேசறதுக்கு முன்னாடி, எத்தனை வருஷம் நிம்மதியா இருக்க முடியும்னு பேசுங்க.

அக்ரிமென்ட்ல என்ன இருக்கணும்?

இங்க நான் சொல்றது மொத்தமா ஒரு தொகை குடுத்துட்டு வாடகை இல்லாம இருக்கற வீட்டு லீஸ் இல்ல. நீண்டகால வாடகை ஒப்பந்தம்.

- குறைஞ்சது 5 வருஷம். ஒரு வருஷத்துக்கு மேல போற லீஸைக் கண்டிப்பா பதிவு செய்யணும். பதிவு செய்யாம வெறும் ஸ்டாம்ப் பேப்பர்ல 5 வருஷம்னு எழுதிக்கறது கோர்ட்ல கைகொடுக்காது.
- லாக்-இன் ஓனருக்கு 5 வருஷம். உங்களுக்கு 3 மாச நோட்டீஸ்ல வெளிய வர வழி.
- வருஷா வருஷம் எத்தனை சதவீதம் ஏத்தம்னு எழுத்துல இருக்கணும்.
- த்ரீ ஃபேஸ், போர் தண்ணி, கழிவுநீர் இணைப்பு எல்லாத்துக்கும் ஓனரோட சம்மதம்.
- கையெழுத்துக்கு முன்னாடி வில்லங்கச் சான்றிதழ். இடம் ஏற்கெனவே பேங்க் அடமானத்துல இருந்தா, பேங்கோட சம்மதம் இல்லாம இறங்காதீங்க.
- வாடகை ஜிஎஸ்டி சேர்த்தா, தனியாவா? ஓனர் ஜிஎஸ்டில பதிவு பண்ணியிருந்து நீங்க பண்ணலைன்னா, 25,000 வாடகை 29,500 ஆயிடும்.

வரி மிச்சமாகும்னு வாங்காதீங்க

வாடகை முழுசா தொழில் செலவு. சொந்த இடம்னா வட்டியும், கட்டடத்துக்கு 10% தேய்மானமும் கழிக்கலாம். ஆனா நிலத்தோட மதிப்புக்குத் தேய்மானம் கிடையாது. அசலுக்கும் கழிவு இல்ல. 80சி சலுகை வீட்டுக் கடனுக்குத்தான், கடைக்கு இல்ல.

சம்பளம் வாங்கறவங்க இதை முக்கியமா கவனிங்க. ஆரம்ப வருஷங்கள்ல வட்டி, தேய்மானத்தால கடை நஷ்டம் காட்டலாம். அந்த நஷ்டத்தை உங்க சம்பளத்துல கழிக்க முடியாது. தொழில் நஷ்டத்தை அடுத்த 8 வருஷத்துக்கு வர்ற தொழில் லாபத்துல கழிக்கலாம். அதுக்கும் ரிட்டர்ன் கெடு தேதிக்குள்ள போட்டிருக்கணும்.

எப்போ வாங்கலாம்?

கடை ரெண்டு மூணு வருஷம் வாடகை இடத்துல ஓடி, வாடகை போக லாபம் நிக்குது. முன்பணம் கட்டின பிறகும் ஆறு மாச வீட்டுச் செலவு கையில இருக்கு. வேலை போனாலும் கடை வருமானம் மட்டுமே இஎம்ஐயைத் தாங்கும். இந்த மூணும் இருந்தா தாராளமா யோசிங்க.

வாங்கின பிறகும் ஒரு பழக்கத்தை விடாதீங்க. மார்க்கெட் வாடகையை உங்க நோட்டுல செலவா எழுதிப் பாருங்க. (வரிக் கணக்குல இல்ல, உங்க சொந்த நோட்டுல மட்டும்.) அதுக்கப்புறமும் மிச்சம் இருந்தா லாண்ட்ரி சம்பாதிக்குது. இல்லன்னா, உங்க கட்டடம்தான் லாண்ட்ரிக்குச் சோறு போடுது.