காலிக் கோட்டை: தனியே ஒரு நாள்

இலங்கையின் தென்மேற்குக் கரையில், கடலுக்குள் நீண்ட பாறை நிலத்தில் நிற்கிறது காலிக் கோட்டை. கொழும்பிலிருந்து ரயிலில் ஏறக்குறைய மூன்று மணி நேரப் பயணம். போகும்போது வலப்பக்க ஜன்னலோரம் இடம் கிடைத்தால் வழியில் பெரும்பகுதி கடலைப் பார்த்துக்கொண்டே போகலாம். நிலையத்திலிருந்து கோட்டைக்கு நடந்தே போய்விடலாம்.

போர்த்துக்கேயர் வசமிருந்த காலியை 1640-இல் ஒல்லாந்தர் பிடித்தார்கள். ஊரை முழுவதும் வளைத்து மதில் எழுப்பியவர்கள் அவர்களே. 1796-இல் அது ஆங்கிலேயர் கைக்கு வந்தது. பழைய வாசல் இந்தக் கைமாற்றத்தைச் சொல்லிவிடும்: வெளிமுகத்தில் ஆங்கில அரசின் சின்னம், உள்முகத்தில் 1669 என்ற ஆண்டோடு ஒல்லாந்துக் கிழக்கிந்தியக் கம்பெனியின் சின்னம், அதன் உச்சியில் ஒரு சேவல். 1988 முதல் கோட்டை யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இருக்கிறது.

துணையில்லாமல் வருபவருக்கு இவ்வளவு தோதான ஊர் அரிது. எந்தத் தெருவில் புகுந்தாலும் கடைசியில் மதில்தான் வரும். வழி தவற இடமில்லை. பதினான்கு கொத்தளங்களைத் தொட்டபடி மதில்மேல் நடக்க ஒன்றரை மணி நேரம் போதும். நினைத்த இடத்தில் உட்காரலாம், அவசரப்படுத்த யாருமில்லை. ஆனால் மேலே நிழல் கிடையாது. அதிகாலையோ, மாலை நான்கு மணிக்குப் பிறகோ ஏறுவதே நல்லது. 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை வெளியே பேருந்து நிலையத்தையும் கிரிக்கெட் மைதானத்தையும் சூறையாடியபோது, கோட்டைக்குள் இருந்தவர்களைப் பெருமளவு காத்தது இந்த மதில்தான்.

உச்சி வெயிலுக்குத் தெருக்களே புகலிடம். லேன்பான் தெரு என்ற பெயருக்கு ஒல்லாந்து மொழியில் கயிறு திரிக்கும் களம் என்று பொருள். கப்பல்களுக்கான வடம் அங்கே திரிக்கப்பட்டது. 1755-இல் கட்டிய ஒல்லாந்தர் தேவாலயத்தின் தரையில் கல்லறைக் கற்கள் பதிந்திருக்கின்றன. கலங்கரை விளக்கத்தின் எதிரே நிற்கும் மீரான் பள்ளிவாசல் முதற்பார்வைக்குத் தேவாலயம் போலவே தோன்றும். விடுதிகளும் நகைக்கடைகளும் பெருகிவிட்டன என்பது உண்மை. ஆனாலும் பள்ளிக்கூடமும் நீதிமன்றமும் குடியிருப்புகளும் உள்ளேயே இயங்குவதால், இது காட்சிப்பொருளாகிவிடாத ஊர். மே முதல் செப்டம்பர் வரை கடல் கொந்தளிக்கும். டிசம்பருக்கும் ஏப்ரலுக்கும் இடைப்பட்ட காலம் இதமானது.

தமிழர் தேடிப் பார்க்க வேண்டிய காலிப் பொருள் ஒன்று காலியில் இல்லை. சீனக் கடற்தளபதி செங் ஹ கொண்டுவந்த, 1409-ஆம் ஆண்டு பொறித்த கல்வெட்டு அது. 1911-இல் இந்த ஊரில்தான் கண்டெடுத்தார்கள். சீன மொழி வரிகள் புத்தரையும், பாரசீக வரிகள் அல்லாஹ்வையும், தமிழ் வரிகள் தெவிநுவரை என்ற ஊரில் கோயில்கொண்ட தென்னவரை நாயனாரையும் போற்றுகின்றன. கொழும்பு திரும்பியதும் தேசிய அருங்காட்சியகத்தில் அதைக் காணலாம்.