வேரின் கசிவுக்குக் காத்திருக்கும் முட்டைகள்

1961ஆம் ஆண்டில் உதகமண்டலப் பகுதியின் உருளைக்கிழங்குப் பயிரை ஆராய்ந்த பிரித்தானிய அறிஞர் எஃப்.ஜி.டபிள்யூ. ஜோன்ஸ், அதன் வேர்களில் முட்டைக்கூடு நூற்புழு தொற்றியிருப்பதைக் கண்டறிந்தார். இந்தியாவில் இப்புழு பதிவானது அதுவே முதல் முறை. தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைகளில் தோன்றி, விதைக்கிழங்கில் ஒட்டிய மண்ணோடு கண்டம் விட்டுக் கண்டம் சென்ற இவ்வொட்டுண்ணியின் இரண்டு இனங்களும் நீலகிரியில் நிலைபெற்றுவிட்டன.

அரை மில்லிமீட்டர் நீளமே உள்ள இளம்புழு, வாயிலுள்ள ஊசியுறுப்பால் வேரைத் துளைத்து உட்புகுந்து, தன் உமிழ்நீரைச் செலுத்தி, அடுத்தடுத்த உயிரணுக்களின் சுவர்கள் கரைந்து அவை ஒன்றாகிவிடும்படி செய்கிறது. கிழங்குக்குச் சேர வேண்டிய உணவு இக்கூட்டணுவுக்கு வந்து சேர, பெண்புழு இடம்பெயராமலேயே அதை உறிஞ்சிப் பருத்து, உருண்டு, வேரின் தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே தெரிகிறது. ஓரினத்தின் பெண்புழு இப்பருவத்தில் பொன்னிறம் கொள்வதால் தங்க நூற்புழு எனப் பெயர் பெற்றது. இறந்தபின் அதன் தோலே பழுப்பேறிக் கெட்டியாகி, சில நூறு முட்டைகளைக் காக்கும் கூடாகிறது. குண்டூசித் தலையளவே உள்ள அக்கூட்டினுள் முட்டைகள் 20 ஆண்டுகள்கூட உயிரோடிருக்க வல்லவை.

ஈரமும் வெப்பமும் மட்டும் அமைந்தால் அவற்றுள் பெரும்பாலானவை பொரிவதில்லை; உருளைக்கிழங்கு வேரிலிருந்து கசியும் வேதிப்பொருள்கள் கூட்டை எட்டும்போதே இளம்புழுக்கள் திரளாக வெளிவருகின்றன. செடியே தன் பகையை எழுப்பிவிடும் இந்த ஏற்பாடு, இயற்கையில் காணக்கிடைக்கும் வியத்தகு நுட்பங்களுள் ஒன்று என்பதில் ஐயமில்லை. அப்பொருளைப் பயிரில்லா நிலத்தில் இட்டால் பொரிந்த புழுக்கள் வேரின்றிப் பட்டினியால் மடியும் என ஆராய்ச்சியாளர்கள் எண்ணினர். ஆனால் கசிவில் பொரிப்பைத் தூண்டும் முதன்மைப் பொருளான சொலனோஎக்லெபின், சிக்கலான மூலக்கூறு அமைப்புடையது என்பதால், அதைச் செயற்கையாக உருவாக்குவதில் ஜப்பானிய வேதியியலாளர்கள் 2011இல்தான் வெற்றி கண்டனர்.

உழவருக்கு இன்று கைகொடுப்பவை, முட்டைகோஸ், கேரட், பீன்ஸ் போன்றவற்றை இடையிடையே பயிரிடும் சுழற்சியும், குஃப்ரி ஸ்வர்ணா போன்ற எதிர்ப்புத்திறன் கொண்ட இரகங்களுமே. ஒரே இரகத்தை ஆண்டுதோறும் நட்டால் அதன் எதிர்ப்பை வெல்லும் புழுக்களே எஞ்சிப் பெருகும் என்பதால் இரகங்களையும் மாற்ற வேண்டியுள்ளது. நச்சு மருந்துகள் கூட்டினுள்ளிருக்கும் முட்டைகளை எளிதில் எட்டுவதில்லை. எனவே புழு புதிய நிலம் புகாமல் தடுப்பதே முதற்கடமை. இமாசலப் பிரதேசம், உத்தராகண்ட், சம்மு காஷ்மீர் ஆகியவற்றிலும் அது தென்பட்டபோது, அங்கிருந்து விதைக்கிழங்கு வெளியே செல்வதை மத்திய அரசு 2018இல் தடைசெய்ததன் காரணம் இதுவே.