சீட்டைக் கலைப்பது யார்? அட்டை விளையாட்டுக்குள் இருக்கும் கணக்கு

செந்தூல் தீமோர் நிலையத்தில் எல்.ஆர்.டி. ஏறி, மஸ்ஜிட் ஜாமெக் போய்ச் சேர்வதற்குள் கைத்தொலைபேசியில் ஓர் ஆட்டத்தை முடித்துவிடும் மாணவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். அதில் அட்டை விளையாட்டுக்குத் தனி இடம் உண்டு. வேண்டிய நேரத்தில் வேண்டிய அட்டை வராவிட்டால், "இந்த கேம் ஏமாத்துது!" என்று கோபமும் வரும்.

உண்மையிலேயே ஏமாற்றுகிறதா? கைகளே இல்லாத ஒரு கருவி எப்படிச் சீட்டைக் கலைக்கிறது? பார்ப்போம், வாருங்கள்.

கணித அறிஞர் தொடங்கிய விளையாட்டு

அட்டைகளை வாங்கிச் சேர்த்து ஆடும் விளையாட்டு வகை, 1993-இல் வெளிவந்த 'மேஜிக்: தி கேதரிங்' மூலம் புகழ் பெற்றது. அதை உருவாக்கிய ரிச்சர்ட் கார்ஃபீல்ட், கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். 1996-இல் ஜப்பானில் போக்கிமோன் அட்டைகள் வந்தன. 1998 டிசம்பரில் அந்த அட்டை விளையாட்டு, நிண்டெண்டோவின் கையடக்கக் கருவியான 'கேம்பாய்'க்குள் நுழைந்தது. ஹட்சன் சாஃப்ட் நிறுவனம் அதன் உருவாக்கத்தில் முக்கியப் பங்கு வகித்தது.

அதில் எட்டு மன்றங்கள் உண்டு; ஒன்றின் பெயரே 'அறிவியல் மன்றம்'! ஒவ்வொரு மன்றத்தின் தலைவரையும் வென்றால் பதக்கம் கிடைக்கும். போட்டிகளில் வென்றால் புது அட்டைகள் கொண்ட பாக்கெட்டும் கிடைக்கும். அதற்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

நல்ல அட்டை ஏன் வருவதில்லை?

போக்கிமோன் அட்டைக் கட்டில் 60 அட்டைகள் இருக்கும். ஆட்டத் தொடக்கத்தில் 7 அட்டைகளை எடுப்பீர்கள். அடிப்படை ஆற்றல் அட்டைகளைத் தவிர, ஒரே பெயருள்ள அட்டையை 4 வரை வைத்துக்கொள்ளலாம். உங்களுக்குப் பிடித்த அட்டையை 4 பிரதிகள் வைத்திருக்கிறீர்கள் என்றால், முதல் 7 அட்டைகளில் ஒன்றாவது வர எவ்வளவு வாய்ப்பு?

படிவம் 2-இல் மலாயில் 'கெபாராங்காலியான்' என்று படிக்கும் பாடம்தான் தமிழில் நிகழ்தகவு. ஒரே ஒரு பிரதி இருந்தால் விடை எளிது: 7/60, ஏறக்குறைய 12 விழுக்காடு. 4 பிரதிகள் என்றால் அதை நான்கால் பெருக்கி 47 விழுக்காடு என்று சொல்லத் தோன்றும். அது தவறு. ஒரே கையில் இரண்டு பிரதிகள் சேர்ந்து வரும் தருணங்களை அப்படிப் பெருக்கும்போது இருமுறை எண்ணிவிடுகிறோம்.

சரியான வழி, ஒன்றுகூட 'வராமல் போகும்' வாய்ப்பை முதலில் கணக்கிடுவது. உங்கள் கையில் சேராத இடங்கள் 53. முதல் பிரதி அங்கே மாட்டிக்கொள்ளும் வாய்ப்பு 53/60. அதன் பிறகு இரண்டாவதற்கு 52/59, மூன்றாவதற்கு 51/58, நான்காவதற்கு 50/57. நான்கையும் பெருக்கினால் ஏறக்குறைய 0.60.

ஆக, பத்து ஆட்டங்களில் சராசரியாக ஆறு ஆட்டங்களில் அந்த அட்டை உங்கள் தொடக்கக் கையில் இருக்காது! கருவி நியாயமாக நடந்தாலும் இதுதான் கணக்கு.

கருவி கலைக்கும் விதம்

60 அட்டைகளை எத்தனை விதமாக வரிசைப்படுத்தலாம் தெரியுமா? 8-க்குப் பின்னால் இன்னும் 81 இலக்கங்கள் வரும் பேரெண் அது. நாம் காணக்கூடிய பேரண்டத்தில் உள்ள அணுக்களின் எண்ணிக்கையே ஏறக்குறைய 1-க்குப் பின்னால் 80 சுழியங்கள் என்றுதான் மதிப்பிடுகிறார்கள்.

இத்தனை வரிசைகளுக்கும் சம வாய்ப்புத் தரும் எளிய முறை ஒன்று உண்டு. 1938-இல் ஃபிஷர், யேட்ஸ் என்ற இரு புள்ளியியல் அறிஞர்கள் அதன் அடிப்படையை வெளியிட்டார்கள். 60 இடங்களில் ஒன்றைக் குலுக்கலில் தேர்ந்தெடுத்து, அங்குள்ள அட்டையைக் கடைசி அட்டையோடு இடம் மாற்ற வேண்டும். அடுத்து, மீதி 59 இடங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து 59-ஆவது அட்டையோடு மாற்ற வேண்டும். இப்படியே போய் முடித்தால் கட்டு கலைந்துவிடும்.

ஆனால், கணினிக்குக் 'குலுக்கல்' தெரியாது. சொன்ன கணக்கைத்தான் செய்யும். எனவே, குலுக்கல் போலத் தோன்றும் எண்களைக் கணக்குப் போட்டே உருவாக்குகிறது. இவற்றைப் போலிச் சமவாய்ப்பு எண்கள் என்கிறோம்.

நீங்களே செய்து பாருங்கள். ஓர் எண்ணை 5-ஆல் பெருக்கி, 3 கூட்டி, 16-ஆல் வகுத்து மீதியை எடுங்கள். அந்த மீதியை வைத்து மறுபடியும் செய்யுங்கள். 7-இல் தொடங்கினால் 6, 1, 8, 11, 10, 5, 12, 15, 14, 9, 0, 3, 2, 13, 4 என்று வந்து மீண்டும் 7-இல் நிற்கும். 0 முதல் 15 வரை எல்லா எண்ணும் ஒருமுறை வந்துவிட்டது, பார்த்தீர்களா?

இன்னொன்றையும் கவனியுங்கள். ஒற்றை எண், இரட்டை எண் என்று மாறி மாறித்தான் வருகிறது. இரட்டை வந்தால் தலை, ஒற்றை வந்தால் பூ என்று இதை வைத்து நாணயம் சுண்டினால், அடுத்தது என்னவென்று எவரும் சொல்லிவிடலாம். அதனால்தான் விளையாட்டு நிரல்களில் இதைவிடச் சிக்கலான கணக்குகள் பயன்படுகின்றன. எந்த எண்ணில் தொடங்குவது என்பதை, நீங்கள் பொத்தானை அழுத்தும் நொடியைக் கொண்டும் முடிவு செய்யலாம். நொடியின் சிறு பகுதி மாறினாலும் வரிசை மாறிவிடும்.

நினைவில்லாத குலுக்கல்

இனிதான் உங்கள் பணப்பையைத் தொடும் கணக்கு. ஓர் அரிய அட்டை, 36 பாக்கெட்டுகளில் ஒன்று என்ற வாய்ப்பில் வருவதாக வைத்துக்கொள்வோம். 35 பாக்கெட்டுகளைத் திறந்தும் வரவில்லை. "அடுத்ததில் கண்டிப்பாக வரும்" என்று மனம் சொல்லும். வராது என்பதல்ல, வாய்ப்பு அதே 1/36-தான். இதற்கு முன் நீங்கள் தோற்றது குலுக்கலுக்குத் தெரியாது.

36 பாக்கெட்டுகள் வாங்கினாலும் கிடைக்காமல் போகும் வாய்ப்பு, 35/36-ஐ 36 முறை பெருக்கினால் வரும்: ஏறக்குறைய 36 விழுக்காடு. 95 விழுக்காடு உறுதி வேண்டுமென்றால் 107 பாக்கெட்டுகள் தேவை. ஒரு பாக்கெட் 15 ரிங்கிட் என்றால் மொத்தம் 1,605 ரிங்கிட்! அப்போதும் இருபதில் ஒருவர் வெறுங்கையோடுதான் திரும்புவார்.

பழைய கேம்பாய் விளையாட்டில் தோற்றால் நேரம்தான் போகும். இன்றைய கைத்தொலைபேசி விளையாட்டுகள் பலவற்றில், அதே குலுக்கலோடு அப்பா அம்மாவின் வங்கி அட்டை இணைந்திருக்கிறது. இந்தச் சிக்கலை அரசுகளும் கவனித்திருக்கின்றன. குலுக்கலில் விற்கும் பொருள்களை முழுத் தொகுப்பாகச் சேர்த்தால் அரிய பரிசு என்ற முறையை ஜப்பான் 2012-இல் தடுத்தது. சில விளையாட்டுகளில் காசுக்கு விற்கப்பட்ட குலுக்கல் பெட்டிகள் சூதாட்டமே என்று பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் 2018-இல் முடிவு செய்தது. வாங்கும் முன்பே வாய்ப்பு விகிதத்தைக் காட்ட வேண்டும் என்று ஆப்பிள் நிறுவனம் 2017 டிசம்பரில் விதி கொண்டு வந்தது.

அந்த விகிதம் பெரும்பாலும் சிறிய எழுத்தில் எங்காவது இருக்கும். தேடிப் படியுங்கள். 'இத்தனை முறைக்குப் பின் நிச்சயம்' என்று சில விளையாட்டுகளில் விதி உண்டு. அப்படி எழுதியிருந்தால் மட்டுமே நம்புங்கள். மனம் சொல்வதை நம்பாதீர்கள்.

வகுப்பில் செய்து பாருங்கள்

60 காகிதத் துண்டுகளை வெட்டி, 4 துண்டுகளில் மட்டும் நட்சத்திரம் வரையுங்கள். ஒரு பையில் போட்டு நன்றாகக் குலுக்கி, பார்க்காமல் 7 எடுங்கள். நட்சத்திரம் வந்ததா என்று குறித்துவிட்டு, எல்லாவற்றையும் பைக்குள் போட்டு அடுத்தவரிடம் கொடுங்கள். 30 பேர் செய்தால் 12 பேர் அளவில் நட்சத்திரம் பார்ப்பார்கள் என்கிறது நம் கணக்கு. 9 பேரோ 15 பேரோ வந்தால் பயப்பட வேண்டாம். அடுத்த நாளும் செய்து இரண்டையும் கூட்டிப் பாருங்கள். முயற்சிகள் கூடக் கூட, விடை 40 விழுக்காட்டை நெருங்கி வருவதைக் காண்பீர்கள்.